ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு குளம்

ஃப்ரிட்ஜுக்குப் பின்பக்கம், கம்ப்ரஸர் மேல தண்ணி சேர ஒரு தட்டு இருக்கு, தெரியுமா மக்களே? எனக்குத் தெரியாது. வாங்கி வருஷக்கணக்காச்சு. போன மாசம் கொசுப்புழு பார்க்க வந்த அம்மா டார்ச் அடிச்சு, "சார், இங்க வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டாங்க. தட்டுத் தண்ணியில குட்டிக் குட்டியா நெளியுது. நம்ம பதிவுலகத்துல கொசுவத்தின்னா ஃப்ளாஷ்பேக். இது நிஜக் கொசு.

எதிர்வீட்டுப் பையன் டெங்குவுல ஆஸ்பத்திரி போய் வந்து பத்து நாள்கூட ஆகல. அது எங்க வீட்டுக் கொசுதானான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

நான் சோம்பேறி இல்லைங்க (தங்கமணி சிரிக்கிற சத்தம் கேக்குது). என் வியாதி வேற. செஞ்சா மொத்தமா செய்யணும். ஒரு நாள் லீவு போட்டு, பரண்லேர்ந்து ஆரம்பிச்சு... அந்த ஒரு நாள் வரவே வராது. குமணன்சாவடியில மெட்ரோ தூண் எழும்பின வருஷங்கள்ல "துடைச்சா சாயங்காலமே புழுதி வந்துடும்"னு சாக்கு வேற. கடைசியில போகி வரும், கையில கிடைச்சதைக் கொளுத்திட்டு சுத்தம் பண்ணிட்டதா நினைச்சுக்குவேன். 2018 போகிப் புகையில மீனம்பாக்கத்துக்கு வந்த ஃப்ளைட்டுகளையே வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க. அப்பவும் என் ஃப்ரிட்ஜ் தட்டு அப்படியேதான் இருந்திருக்கும்.

டெங்கு கொசுவுக்குப் போகி வரைக்கும் பொறுமை கிடையாது. முட்டை கொசுவாகிப் பறக்க 7லேர்ந்து 10 நாள் போதும். தண்ணியைக் கொட்டிட்டா ஆச்சுன்னு இருந்தேன், அதுவும் தப்பு. தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, சுவத்துலதான் முட்டை ஒட்டியிருக்கும். காஞ்சாலும் மாசக்கணக்கா சாகாது, மறுபடி தண்ணி ஏறினா பொரிக்கும். அதனால வாரம் ஒரு தரம் தேங்காய் நார் போட்டு உள்பக்கம் தேய்க்கணும். வருஷத்துக்கு ஒரு நாள் முழுசா மெனக்கெடுறதைவிட வாரம் பத்து நிமிஷம் மேல்னு நான் அடிச்சுச் சொல்றது இதனாலதான்.

இப்ப காலையில பால் அடுப்புல இருக்கிற அஞ்சு நிமிஷம்தான் என் கணக்கு. எப்படியும் அங்கதானே நிக்கிறேன்? ஒரு நாள் அடுப்பு மேடை, ஒரு நாள் சிங்க். சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் கூட: ஃப்ரிட்ஜ் தட்டு, பூந்தொட்டித் தட்டு, தண்ணி ட்ரம். பால் பொங்கினா அன்னிக்கு வேலை முடிஞ்சுது. இன்னொண்ணைத் தொடக்கூடாது, தொட்டா பழைய "மொத்தமா" பேய் வந்துடும். ரெண்டாவது வாரம் மூணு நாள் விட்டுப்போச்சு. நாலாவது நாள் அந்த மூணையும் சேர்த்துச் செய்யாம விட்டேன், அதனாலதான் இன்னும் ஓடுது.

தங்கமணிகிட்ட இதைப் பெருமையா சொன்னேன். "இருபது வருஷமா நான் செஞ்சா அது வேலை, நீங்க ஒரு மாசம் செஞ்சா பழக்கமா?"ன்னாங்க. பதில் இல்ல.

பரணை இன்னும் தொடலை. நேத்து பூந்தொட்டித் தட்டைத் தேய்ச்சிட்டிருந்தப்ப பால் பொங்கி வழிஞ்சு, அடுப்பு மேடையைத் திரும்பத் துடைச்சேன்.