அவசரப்பட்டு விற்பவரிடம் வீடு வாங்கும்போது

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழும்போது, நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு காணித் துண்டு அல்லது ஒரு வீடு. வட்டிக்குப் பணம் போட விரும்பாதவர்கள், கடை வைத்து நடத்த நேரமில்லாதவர்கள், மத்திய கிழக்கில் உழைத்து ஊர் திரும்பியவர்கள் எனப் பலரும் இவ்வழியைத் தெரிவு செய்கின்றனர். வாங்கி வாடகைக்கு விடலாம், திருத்தி விற்கலாம். ஆகுமான தொழில்தான்.

இதில் இறங்குபவருக்கு முதலில் கிடைக்கும் புத்திமதி, "விற்க அவசரப்படுகின்றவனைத் தேடிப் பிடி" என்பதாகும். அதில் ஓரளவு உண்மையுமுண்டு. விலை எவ்வளவு போகும் என்று அறிவதற்காகவே 'விற்பனைக்கு' என்று சொல்லி வைத்திருப்பவரோடு மாதக்கணக்கில் பேசிப் பயனில்லை. ஆனால், அவசரப்படுபவரைக் கண்டுபிடிப்பது ஒரு விடயம். அவரது அவசரத்தைச் சுரண்டுவது வேறொரு விடயம். இந்த வேறுபாட்டை அறியாதவர் வீட்டோடு சேர்த்து வழக்கையும் வாங்கிக் கொள்ள நேரிடும்.

யார் விற்கிறார்கள்?

உண்மையாகவே விற்க வேண்டியவர்கள் பெரும்பாலும் நான்கு வகையினர். முதலாமவர், குடும்பத்தோடு வெளிநாடு செல்பவர். இரண்டாமவர்கள், வாப்பா மௌத்தான பின் வீட்டை விற்றுப் பங்கு பிரிக்க விரும்பும் வாரிசுகள். மூன்றாமவர், கடனில் சிக்கியவர். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, கடன்பட்டு வியாபாரம் செய்த எத்தனையோ பேர் கைகட்டி நின்றதை நாம் கண்டோம். நான்காமவர், நோய், மகளின் கல்யாணம் போன்ற செலவுகளால் நெருக்கப்பட்டவர்.

இவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. வார இறுதிப் பத்திரிகை விளம்பரங்கள், ஊர்த் தரகர், நொத்தாரிசு, நீண்ட நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டின் அயலவர் ஆகியோரிடம் தகவல் கிடைக்கும். வங்கி ஏலங்களும் உள்ளன. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் செல்லாமலே ஈடு வைத்த ஆதனத்தை ஏலமிடும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. அதற்கான அறிவித்தல் வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வர வேண்டும். ஏலத்துக்கு முன் கடனையும் செலவையும் கட்டிவிட்டால் வீடு தப்பும். அந்த அறிவித்தலைப் பார்த்தவுடன் ஏலநாளுக்காகக் காத்திருக்காமல், உரிமையாளரிடம் நேரில் சென்று நியாய விலை பேசுங்கள். அவரது வங்கிக் கடன் தீரும்; மிச்சப் பணமும் அவர் கையில் சேரும்.

பாதிக்குக் கீழே போகாதீர்கள்

இனிக் கவனமாக வாசியுங்கள். நமது நாட்டில் காணி விற்பனைக்கு உரோமன் - டச்சுச் சட்டத்தின் ஒரு பழைய விதி இன்றும் பொருந்துகிறது. 'லேசியோ எனோர்மிஸ்' என்பது அதன் பெயர். விற்ற நேரத்திலிருந்த உண்மைப் பெறுமதியில் பாதியை விடக் குறைந்த விலைக்கு ஒருவர் தனது காணியை விற்றிருந்தால், அவ்விற்பனையை இரத்துச் செய்யுமாறு அவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். வாங்கியவர் குறைந்த தொகையைக் கட்டி வீட்டை வைத்துக் கொள்ளலாம்; இல்லையேல் வீட்டைக் கொடுத்துப் பணத்தைப் பெற வேண்டும். உண்மைப் பெறுமதியை அறிந்துகொண்டே விற்றவருக்கு இந்தப் பரிகாரம் கிடைக்காது. ஆகவே, விலை அறியாத விதவையிடமும் முதியவரிடமும் வாங்குபவருக்கே ஆபத்து அதிகம்.

உதாரணமாக, 1 கோடி 20 இலட்சம் ரூபா பெறுமதியான வீட்டை நெருக்கடியைப் பயன்படுத்தி 55 இலட்சத்துக்கு வாங்கினால், நீங்கள் 60 இலட்சம் என்ற கோட்டுக்குக் கீழே நிற்கிறீர்கள். முத்திரைச் செலவைக் குறைப்பதற்காக உறுதியில் தொகையைக் குறைத்து எழுதுபவர்களும் இதைச் சிந்திக்க வேண்டும். முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் என்ற முத்திரை வரியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய், உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே எழுதிக் கையொப்பமிடுகிறீர்கள்.

நமது மார்க்கமும் இதைத் தொட்டுப் பேசியுள்ளது. சந்தை விலையை அறியாமல் சரக்கோடு வரும் கூட்டத்தை, அவர்கள் சந்தைக்கு வருமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்தபின் விற்பனையை மாற்றிக் கொள்ளும் உரிமையும் பெற்றார். விலையறியாதவரின் வாசற்படியில் தரகரோடு போய் நிற்பவர் இதைத் தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும்.

கடனா, விற்பனையா?

இன்னொரு வழக்கம் நம் ஊர்களில் பரவலாக உண்டு. பணம் தேவைப்படுபவர் வீட்டை அறுதியாக எழுதிக் கொடுக்கிறார். "பணத்தைத் தந்தால் திருப்பி எழுதித் தருவேன்" என்று வாங்குபவர் வாயால் சொல்கிறார். விற்றவர் அதே வீட்டில் தொடர்ந்து இருக்கிறார். தவணை தப்பியதும் "வீடு என்னுடையது" என்று வாங்கியவர் நிற்கிறார்.

இதுவும் பாதுகாப்பான வழியல்ல. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, எழுதிக் கொடுத்தவர் ஆதனத்தின் பயனையும் சேர்த்துக் கொடுக்க எண்ணியிருக்கவில்லை எனச் சூழ்நிலை காட்டினால், வாங்கியவர் அதை அவருக்காகவே வைத்திருப்பதாகக் கொள்கிறது. விலை மிகக் குறைவாயிருந்ததா, விற்றவர் வீட்டை விட்டுப் போகாமல் இருந்தாரா என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். வாங்குவதென்றால் வாங்குங்கள், கடன் கொடுப்பதென்றால் கடனாகவே எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

வீடு யாருடையது?

கிழக்கிலங்கையில் கல்யாணத்தின்போது வீட்டைப் பெண்ணின் பேரில் எழுதுவது வழமை. அங்கே கடன்பட்டவர் கணவராக இருப்பார். வீட்டுக்குச் சொந்தக்காரி மனைவியாக இருப்பார். கணவர் பேச்சைக் கேட்டு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சகோதரியிடம், முடிந்தால் உங்கள் வீட்டுப் பெண்களையும் கூட்டிச் சென்று, கணவர் பக்கத்தில் இல்லாத வேளையில் கேளுங்கள்: "நீங்கள் மனமொப்பித்தான் விற்கிறீர்களா? விற்றபின் எங்கே போய் இருப்பீர்கள்?" பதில் தயங்கினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

வாரிசுச் சொத்தென்றால், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம்களுக்கான வாரிசுரிமைச் சட்டத்தின்படி மகளுக்கும் பங்குண்டு, மனைவிக்கும் பங்குண்டு. ஒரு மகன் மட்டும் ஒப்பமிட்டால் அவரது பிரிக்கப்படாத பங்குதான் உங்களுக்குக் கிடைக்கும். பின்னர் பங்கு வழக்குப் பேச வேண்டி வரும். வெளியாருக்குப் போகுமுன் பங்காளிக்கு வாங்க விருப்பமா என்று கேட்பதும் நல்லது.

நீங்கள் கொடுக்கக் கூடியவை

அப்படியானால் அவசரப்படுபவரிடம் வாங்குவதில் இலாபமே இல்லையா? இருக்கிறது. அவருக்குத் தேவையானது பணம் மட்டுமல்ல, நிச்சயமும் வேகமும்தான். முழுப் பணமும் தயாராக வைத்திருப்பவர், பாதியில் பின்வாங்காதவர், வங்கிக் கடனை நேரே வங்கியில் கட்டி ஈட்டை விடுவித்துக் கொடுப்பவர், பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தவணை முடியும்வரை வீட்டிலிருக்க அவகாசத்தை எழுத்தில் தருபவர் - இவருக்குச் சந்தை விலையில் சிறிது விட்டுக்கொடுக்க எவரும் சம்மதிப்பர். அந்தக் குறைப்பு நியாயமானது. அது நீங்கள் செய்த உபகாரத்தின் விலை.

பேசுமுன் அனுமதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு பெறுமதியை மதிப்பிடுங்கள். அறிக்கையின் ஒரு பிரதியை விற்பவரிடமும் கொடுங்கள். அவருக்கெனத் தனியாக ஒரு சட்டத்தரணி இருக்கட்டும். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடுவியுங்கள். நெருக்கடியிலுள்ளவர் வேறெங்காவது ஈடு வைத்திருக்கக் கூடும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படும் உறுதியே செல்லும். வெள்ளைத் தாளில் எழுதியது உறுதியாகாது. எழுதிய உறுதியைத் தாமதியாமல் பதிவு செய்யுங்கள். அதே காணியைப் பின்னர் வாங்கியவர் உங்களுக்கு முன் பதிந்துவிட்டால், அவருக்கு முந்துரிமை போய்விடக் கூடும்.

பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக் கொள்ளுங்கள்: இந்த மனிதருக்கு இன்று நெருக்கடி இல்லாதிருந்தால், இதே விலையைச் சொல்ல எனக்கு முகம் இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றால் பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்குங்கள். அந்த வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் விற்றவரின் பிள்ளைகள் உங்களுக்கு ஸலாம் சொல்வார்கள்.