கைத்தொழில் பக்கம்: இறங்க மறுக்கும் வளையம்



பட்டறைத் தொழிலில் கழற்றுவது எளிது. திரும்பப் பூட்டுவதுதான் வித்தை. இந்த உண்மையைச் சுழல் எஞ்சினைப் போல் வேறு எதுவும் உணர்த்தாது. பழைய மாஸ்டா ஆர்.எக்ஸ்.7 கார் வைத்திருப்பவர்களுக்கும், பட்டறைகளில் தொழில் கற்கும் தம்பிமார்களுக்கும் பயன்படட்டும் என்று, அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சிறு சாமானைப் பற்றி இம்முறை சொல்கிறோம்.

ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கல் கண்டுபிடித்த இந்த எஞ்சின் 1957-இல் முதன்முதலாக ஓடியது. ஜப்பானின் ஹிரோஷிமாவில் உள்ள மாஸ்டா நிறுவனம் இதைச் சீர்படுத்தி, 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் பொருத்தி விற்பனைக்கு விட்டது. 1991-இல் பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற மாஸ்டா காரில் இருந்ததும் இதே வகை எஞ்சின்தான்.

மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இதில் கிடையாது, வால்வும் கிடையாது. பக்கங்கள் புடைத்த முக்கோணம் போன்ற ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுழல்கிறது. ரோட்டரின் உள்ளே பாயும் எண்ணெய் அதைக் குளிர வைக்கிறது. அந்த எண்ணெய் பெட்ரோல் எரியும் அறைக்குள் புகாமல் காக்க, ரோட்டரின் முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என்று உலோக வளையங்கள் உண்டு. இரண்டு ரோட்டர் கொண்ட எஞ்சினில் மொத்தம் 8. ஒவ்வொரு வளையத்தின் அடியிலும் ஒரு ஸ்பிரிங். ஒவ்வொன்றோடும் ஒரு ரப்பர் வளையம்.

ஆண்டுக்கணக்கில் சூடு பட்டால் ரப்பர் இறுகிவிடும். பிறகு எண்ணெய் கசியும். காலையில் எஞ்சினை முடுக்கியதும் நீலப் புகை கிளம்பும். எண்ணெயும் குறைந்துகொண்டே வரும். இதற்கு மருந்து ஒன்றுதான். எஞ்சினை இறக்கி, முழுவதும் பிரித்து, ரப்பரை மாற்ற வேண்டும்.

இங்கேதான் சோதனை! புது ரப்பர் மாட்டிய வளையம் தன் பள்ளத்துக்குள் இறங்காது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும். பத்து நிமிடம் போராடியதும் கை தானாகச் சுத்தியலைத் தேடும். தம்பிமார்களே, அந்தக் கையைச் சற்று அடக்குங்கள். இறங்காத சாமான் முரண்டு பிடிக்கவில்லை. ஏதோ சரியில்லை என்று சொல்கிறது.

முதலில் பள்ளத்தைப் பாருங்கள். கரி ஒட்டியிருந்தால், கீறல் விழாமல் துடைத்தெடுங்கள். அடுத்தது ஸ்பிரிங். அதன் உருண்டை முனை ரோட்டரில் உள்ள துளையில் உட்கார வேண்டும். சதுர முனை வளையத்தில் உள்ள வெட்டில் பொருந்த வேண்டும். முன்புற ஸ்பிரிங் வேறு, பின்புற ஸ்பிரிங் வேறு, மாற்றிப் போடாதீர்கள். மூன்றாவது ரப்பர். அது காய்ந்திருந்தால் பள்ளத்தின் சுவரைக் கவ்விப் பிடிக்கும். வாசலினை மெல்லப் பூசுங்கள்.

இனி உள் வளையத்தைச் சமமாக வையுங்கள். கழற்றிய பழைய உள் வளையத்தை அதன்மேல் வைத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் சுற்றிச் சுற்றிச் சம அளவில் அழுத்துங்கள். ரோட்டர் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். வெளி வளையத்துக்கும் இதே முறைதான். பின்பு எண்ணெய் விட்டு, விரலால் அமுக்கிப் பாருங்கள். வளையம் இறங்கி, விட்டதும் தானே எழ வேண்டும். எங்காவது திக்கினால், எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்குங்கள்.

இவ்வளவு பொறுமை எதற்கு? வளையத்தின் விளிம்பில் ஸ்குரூ டிரைவர் ஒரு கீறல் போட்டாலும், ரப்பர் சற்றே முறுக்கிக்கொண்டாலும், புகை திரும்பி வரும். மற்ற எஞ்சின்களில் மேல்மூடியை மட்டும் கழற்றி ஓரளவு வேலை பார்க்கலாம். இதுவோ டிபன் கேரியர் போல் அடுக்கி, முன்னிருந்து பின்வரை நீண்ட போல்டுகளால் இறுக்கப்பட்டது. ஒரு வளையத்துக்காக எல்லா அடுக்கையும் மறுபடி பிரிக்க வேண்டும். வண்டிக்காரர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த கூலியும் வீண்; பட்டறையின் பெயரும் வீண்.

“மூடிவிட்டால் உள்ளே யாருக்குத் தெரியப்போகிறது?” என்று சிலர் நினைக்கலாம். எஞ்சினுக்குத் தெரியும். அது புகை விட்டுச் சொல்லும்!

ஆர்.எக்ஸ்.8 காரின் உற்பத்தி 2012-இல் நின்றது. 2023-இல் மின்சாரம் உண்டாக்கும் துணை எஞ்சினாக மாஸ்டா இதை மீண்டும் கொண்டுவந்தது. ஆகவே இந்த வேலையைச் சுத்தமாகக் கற்றவனுக்கு மதிப்பு உண்டு. வளையம் இறங்க மறுக்கும் நேரத்தில் ஒரு குவளைத் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். பதறாத காரியம் சிதறாது.