பழைய தடத்தை மாத்தாதேங்கோ

அமெரிக்கக் குருளைச் சாரணர்களின்ர பைன்வுட் டேர்பியைக் கேள்விப்பட்டிருப்பீங்கள். ஒரு பைன் மரக்கட்டை, நாலு பிளாஸ்டிக் சில்லு, அச்சுக்கு நாலு ஆணி. பிள்ளை அதைச் செதுக்கிக் காராக்கிச் சரிவான தடத்தில விடவேணும். மோட்டர் இல்லை, புவியீர்ப்புத்தான் இழுக்கும். 1953இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டொன் மேர்பி என்பவர் இதைத் தொடங்கினார். சோப்புப்பெட்டிக் கார் ஓட வயது காணாத தன் மகனுக்காக.

இப்ப பல இடங்களில் இது தகப்பன்மாரின்ர போட்டி. 2005இல் 'டவுன் அண்ட் டேர்பி' எண்டு இதை வைச்சே ஒரு பகிடிப் படம் வந்தது. கடையில் வெட்டின உடல், மினுக்கின அச்சு, டங்ஸ்டன் பாரம் எல்லாம் வாங்கலாம். பிள்ளைக்கு மிஞ்சுறது பெயின்ற் மட்டும்தான்.

ஆனா இந்தக் கடைச் சூத்திரம் வழுவழுப்பான அலுமினியத் தடத்துக்குத்தான் சரி. பாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் சரிவின் உச்சியில் அது கூட உயரத்தில இருக்கும், வேகமும் கூடும். அதனால சமநிலைப்புள்ளியைப் பின் அச்சுக்கு முக்கால் அங்குலம் மட்டும் முன்னால வைப்பினம். மண்டபத்து மூலையில் கிடந்த பழைய ஒட்டுப்பலகைத் தடத்தில இதே காரை விட்டுப் பாருங்கோ. முன்பக்கம் பாரமில்லை, பலகை பொருந்துற இடத்தில துள்ளும். பிறகு நடுச்சட்டத்தில மோதி மோதித்தான் கீழே வரும். அங்க பாரத்தை ஒரு அங்குலம், சிலவேளை இன்னும் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வரவேணும். கணக்குப்படி வேகம் குறையுது, ஆனா ஓடேக்க முந்துது.

அடுத்தது முன்சில்லு. லேசா வளைச்ச ஆணியை பிளையரால திருப்பி, அந்தச் சில்லு நடுச்சட்டத்தை மெதுவா உரசிக்கொண்டு ஓட விடுவினம். மேசையில 4 அடி உருட்டினால் கார் 2, 3 அங்குலம் ஒரு பக்கம் இழுக்கவேணும். கரடுமுரடான தடத்துக்கு இழுவை இன்னும் கொஞ்சம் கூட வேணும், இல்லாட்டித் துள்ளின சில்லு சட்டத்துக்குத் திரும்பி வராது. ஆணியை வளைக்கவே விடாத விதிகளும் உண்டு, அதை முதல்லயே கேட்டு வையுங்கோ. சில்லுக்குப் போடுற தூள் காரீயம், எங்கட போகலச் சுரங்கத்தில தோண்டுற அதே சாமான்!

இதில எதைக் காசு குடுத்து வாங்கேலும்? எவ்வளவு கூட்டுறது எண்டு அந்தத் தடத்தைத் தடவிப் பாத்த ஆளுக்குத்தான் தெரியும். உருட்டி, திருப்பி, திரும்ப உருட்டுறது எட்டு வயசுப் பிள்ளைக்கும் ஏலும். அதாலதான் சொல்லுறம், காசு சேர்த்து அலுமினியத் தடம் வாங்கிறதுக்கு நாங்கள் எதிர்.

ஒரு வழி மற்றதைவிட மோசமா இருந்தால் அநியாயம்தானே எண்டு கேப்பீங்கள். உண்மைதான். ஒவ்வொரு காரையும் எல்லா வழியிலும் ஒருக்கா ஓடவிட்டு நேரத்தைக் கூட்டினால் அது தீரும். காரைத் தூக்கி எறியுற பொருத்து இருந்தால் தேய்ச்சு விடுங்கோ. அதுக்காகத் தடத்தையே எறியத் தேவையில்லை.

நாங்கள் கேக்கிறது ஒண்டுதான். 5 அவுன்ஸ் நிறுவைக்கு முதல்நாள் பின்னேரம் மண்டபத்தைத் திறந்து, பிள்ளையளைத் தங்கட காரோட தடத்தில விடுங்கோ. தகப்பன்மார் வெளியில கோப்பி குடிக்கட்டும்.