வடத்திற்கு இருவழி, தமிழனுக்கு ஒருவழியா?

சேலத்திற்கும் சோலையார்பேட்டைக்கும் இடையே, பழந்தகடூர் மண்ணில் நிற்கிறது பொம்மிடித் தொடர்வண்டி நிலையம். நாடெங்கும் இத்தகைய இருப்புப்பாதைகளின் ஓரமாகவே, 2000-ஆம் ஆண்டில் நடுவணரசு தோற்றுவித்த ‘ரெயில்டெல்’ நிறுவனம் ஒளியிழை வடங்களைப் பதித்துள்ளது. மண்வாரிப் பொறியொன்று வடத்தை அறுத்தாலும் செய்தி நின்றுபோகாதிருக்க அமைப்பதே வளையப் பிணையம். தொழிற்சாலைகளிலும் இதே ஏற்பாடுதான். இதனைத் தமிழில் விளக்கவொண்ணாது என்கின்றனர் ஆங்கிலத்தை அண்டிப் பிழைப்போர். ஒண்ணுமா, ஒண்ணாதா? பார்ப்போம்.

‘சுவிட்சு’ எனப்படும் இணைப்பு மாற்றிகள் பத்தினை வரிசையாகக் கோத்தால், நடுவில் வடம் அறுந்ததும் அப்பாலுள்ளவை ஊமையாகும். முதல் மாற்றியையும் கடைசி மாற்றியையும் இன்னொரு வடத்தால் பிணைத்தால் வரிசை வளையமாகும். ஒருபுறம் அறுந்தால் மறுபுறமாகச் செய்தி செல்லும். ஆயினும் வளையத்தை முழுதும் திறந்துவிடலாகாது. ‘ஈதர்நெட்’ முறையில், எல்லார்க்குமென விடுக்கும் செய்திப்பொதிக்கு வாழ்நாள் வரம்பில்லை. செக்குமாடுபோல் சுற்றும், பிற பொதிகளும் சேரச் சேரப் பிணையமே அடைபட்டுப்போகும். ஆகவே ஒரு மாற்றி தலைமையேற்றுத் தன் இரு வாயில்களுள் ஒன்றை அடைத்துவைக்கிறது. ஆய்வுப்பொதிகளை விடுத்து, அவை சுற்றிவருகின்றனவா என்று ஓயாது பார்க்கிறது. வாராவிடின், எங்கோ அறுந்ததென்றறிந்து அடைத்த வாயிலைத் திறக்கிறது. இரேடியா பெர்ல்மன் அம்மையார் 1985-இல் வெளியிட்ட கிளைமர முறையின் பழைய வடிவம் இவ்வாறு மீள்வதற்கு 30 முதல் 50 நொடிவரை எடுத்துக்கொண்டது. ஓடும் பொறிகள் அவ்வளவு பொறுக்குமா? ஐ.இ.சி. 62439-2 நெறியின்படி, 50 மாற்றிகள் கொண்ட வளையமும் நொடியில் ஐந்திலொரு பங்குக்குள் மீளுமாறு செய்யலாம்.

சொல்லி முடிந்தது. தமிழ் எங்கே திக்கிற்று? சொல்லில்லையாம்! பாவாணர் 1944 முதல் 1956 வரை தமிழாசிரியராய் அமர்ந்து சொல்லாய்ந்தது பொம்மிடிக்கு அண்மையிலுள்ள இதே சேலத்தில்தான்.

ஓரிணைப்பு வேண்டுமென்றே வாளா வைக்கப்பட்டுள்ளது என்பதைத் தொழிலாளிக்கு எவரும் அவன் மொழியில் சொல்வதில்லை. பழுதென்றெண்ணி அவன் வேறொரு வடத்தைக் குறுக்கே செருகினால், காப்பற்ற சுற்றொன்று உருவாகிப் பிணையமே முடங்கக்கூடும். அப்போது பழி யார்மேல்? ‘படியாதவன்’ என்று அவன்மேல்! புரியாத மொழியில் கையேட்டை நீட்டியவனுக்கோ பதவியுயர்வு.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியல், எந்திரவியல் என இரண்டோடு நிறுத்திக்கொண்டது. செய்தித்தொடர்புப் பொறியியலுக்குத் தமிழ் ஆகாதென்று முடிவுசெய்தவர் யார்?

ஊராட்சிகளுக்கு ஒளியிழை கொண்டுசெல்லும் ‘பாரத்நெட்’ திட்டத்தை வளைய அமைப்பிற்கு மாற்ற நடுவணரசு ஒப்புதலளித்தது 2023-இல். ஒற்றை வழியை நம்பலாகாது என்று வடத்திற்குத் தெரிந்துகொண்டவர்கள், அவ்வடத்தைக் காக்கும் தமிழனுக்கு மட்டும் ஆங்கிலம் என்னும் ஒற்றை வழியையே விட்டுவைத்துள்ளனர். பொம்மிடியில் வடம் ஒட்டுபவன் கையில் தமிழ்க் கையேடு வரட்டும். மாற்றியின் ஒவ்வொரு வாயில்மேலும் அதன் பணி தமிழில் பொறிக்கப்படட்டும். இதற்குக் கோடிகள் வேண்டா, அச்சுக்கூலி போதும்.