ஆறு நாள் மலையில், ஏழாம் நாள் லயத்தில்



2020 மே 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் ஊரடங்கு. சனிக்கிழமை இரவு 8 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 5 மணி வரை யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்றார்கள். நாமும் வரவில்லை. திங்கள் விடிந்ததும் வழமைபோல் பிரட்டுக்குப் போனோம்.

அந்த வருடம் மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு முதல் ஊரடங்கு போட்டபோது நாட்டில் அலுவலகங்களும் கடைகளும் மூடப்பட்டன. தோட்டங்கள் மூடப்படவில்லை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும் என்பதால் தேயிலைக்கு அனுமதி கிடைத்தது. வேலை இருந்ததில் நமக்குக் குறையில்லை. பேர் விழுந்தால்தான் அடுப்பு எரியும். ஆனால் "வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்" என்று தொலைக்காட்சியில் சொன்ன அந்த இரண்டு மாதமும் நாம் முகக்கவசத்தோடு கூடையைச் சுமந்து மலையில் நின்றோம். அதையும் நாடு நினைவில் வைக்க வேண்டும்.

அப்போது நுவரெலியா மாவட்டத்தில் வாரநாட்களில் இரவில் மட்டும்தான் ஊரடங்கு இருந்தது. ஞாயிறு என்றால் முழு நாளும். மற்றவர்களுக்கு அது சிறிய தொல்லை. திங்கட்கிழமை கடைக்குப் போய்க்கொண்டார்கள். நமக்கு வாரத்தில் கிடைப்பதே அந்த ஒரு நாள்தான். ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ டவுனுக்கு இறங்கி, அரிசி, மா, மரக்கறி வாங்கி, அடகுக் கடைக்கு வட்டி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்த்து வருவது எல்லாம் ஞாயிறில்தான். அதை எந்த நாளில் செய்வது? வாரநாளில் டவுனுக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். பேர் போனால் அப்போது இருந்த 700 ரூபா அடிப்படைச் சம்பளம் போகும். சனிக்கிழமை வேலை முடித்துக் குளித்துக் கிளம்பினால் கடையும் மூடும், பஸ்ஸும் இருக்காது. ஆகவே பலர் தோட்டத்துக் கடையில் சொன்ன விலைக்குக் கடனுக்கு வாங்கினார்கள். அந்தக் கடன் அடுத்த சம்பளத்தில் தெரிந்தது.

அந்த ஞாயிறு லயத்துக்குள் எப்படிக் கழிந்தது என்பதையும் பேச வேண்டும். நம்மில் பலர் இருப்பது 10 அடிக்கு 12 அடி காம்பராவில். கணக்குப் போட்டால் 120 சதுர அடி. அதில் ஆறு பேர் இருந்தால் ஒருவருக்கு 20 சதுர அடி. ஒரு பாய் விரிக்கிற இடம். ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் இடைவெளி விடச் சொன்னது சுகாதாரத் துறை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையில் ஒரு சுவர்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். தண்ணீருக்கு ஒரு பீலி, பல குடும்பத்துக்கு ஒரு கழிவறை என்று இன்னும் எத்தனை லயங்கள் இருக்கின்றன? கொழும்பில் வேலை செய்த நம் பிள்ளைகள் ஊருக்கு வந்தபோது 14 நாள் தனியாக இருக்கச் சொன்னார்கள். தனியாக இருக்கத் தனி அறை எங்கே இருக்கிறது? ஸ்தோப்பில் படங்கு கட்டித்தான் படுக்க வைத்தோம்.

2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கெனவே சொன்ன 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். நம்மில் பலர் மழையில் நின்று கை தட்டினோம். 2020 மே மாதத்தில் அதற்கு மூன்று வருடம் கடந்திருந்தது. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் வசதிக்காகக் கேட்கிற ஒன்று என்று இனி யாரும் சொல்ல முடியாது. தொற்று நோய்க் காலத்தில் அதுதான் மருந்து.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆறு நாள் மலையில் நின்ற அம்மா ஏழாம் நாளும் உட்காரவில்லை. விடியற்காலை பீலியில் வரிசை, வாரத்துத் துணி முழுவதும் துவையல், விறகு, மூன்று வேளைச் சமையல். எல்லோரும் வீட்டில் இருப்பதால் தேத்தண்ணி மட்டும் ஐந்து தடவை. ஆண்கள் கரம் போர்டைச் சுற்றி இருந்தோம். சில வீடுகளில் சண்டையும் நடந்தது. ஊரடங்கு அரசாங்கம் போட்டது. அம்மாவுக்கு ஓய்வில்லாமல் செய்தது நாம்தான். ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைக்க எந்தச் சட்டமும் தடை போடவில்லை.

பிள்ளைகள் கதை வேறு. 2020 மார்ச் 13ஆம் திகதி முதல் பாடசாலை இருக்கவில்லை. ஆசிரியர் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார். வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போனது. ஞாயிறு மட்டும்தான் அது பிள்ளைகள் கைக்கு வந்தது. அதற்கும் மூன்று பேர் காத்திருந்தார்கள். சிக்னல் கிடைக்காவிட்டால் மேட்டில் ஏற வேண்டியிருந்தது. ஊரடங்கில் அதுவும் பயம்.

மே 21ஆம் திகதியை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச தேயிலை தினமாக அறிவித்தது; 2020இல் அது முதன்முறையாக வந்தது. 2020 மார்ச் 1 முதல் 1000 ரூபா சம்பளம் என்று அந்த வருடம் ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி சொன்னார். 2020 மே மாதத்திலும் அது நம் கைக்கு வரவில்லை. மே தினக் கூட்டமும் அந்த வருடம் இல்லை. கூட்டம் இல்லையே தவிர, கோரிக்கை இருந்தது.

அந்த மே 24, 25ஆம் திகதிகளிலும் முழு ஊரடங்கு. ஆகவே உடனடியாக மூன்று காரியம் கேட்டோம். ஞாயிறு ஊரடங்கு இருக்கும் வரை வாரத்தில் ஒரு நாள் பகல் 12 மணிக்கு வேலையை முடித்து, முழுப்பேர் போட்டு, மக்கள் டவுனுக்குப் போக விட வேண்டும். கூட்டுறவுக் கடை லொறியைக் கட்டுப்பாட்டு விலைக்குப் பொருள் கொண்டு தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் தனிமைப்படுத்தத் தேவைப்படுவோருக்கு வெறுமனே கிடக்கும் ஒரு கட்டடத்தைத் திறந்து கொடுக்க வேண்டும். தோட்டத் தலைவர்களையும் மாதர் தலைவிகளையும் அந்த வாரமே துரையிடம் இதை எழுத்தில் கொடுக்கச் சொன்னோம். பிரதியை சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பச் சொன்னோம்.

அடுத்த ஞாயிறும் வீட்டில்தான் இருந்தோம். ஞாயிறு காலை பீலிக்கு யார் போவது என்பதை முதல் நாள் இரவே பேசி முடிவு செய்யுங்கள்.