கல்லின் மறுபாதி

வாளையாரில் மலபார் சிமெண்ட்ஸ் ஆலை 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான சுண்ணாம்புக்கல் பக்கத்துப் பண்டாரத்து மலையிலேயே கிடைத்தது. நம் தொழிலில் இருப்பவர்கள் அந்தக் கல்லைப் பார்க்க மலையேற வேண்டியதில்லை. கவனிப்பு தவறிய ஏதாவது ஒரு பாய்லரின் குழாயைச் சுரண்டினால் உதிர்வதில் பெரும்பங்கு அதே கால்சியம் கார்பனேட்தான். மண்ணில் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு கல்லைக் கரைக்கிறது. போர்வெல் அதை மேலே இழுக்கிறது. பாய்லர் சூட்டில் அது மறுபடியும் கல்லாகிறது.

இதைத் தடுக்கத்தான் சாஃப்ட்னர் வைத்திருக்கிறோம். சாஃப்ட்னர் வைத்ததோடு தண்ணீர் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் நினைப்பதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுத வேண்டியிருக்கிறது.

அண்மையில் வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையே ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். மணிக்கு இரண்டு டன் நீராவி தரும், விறகில் எரியும் பாய்லர். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் அட்டெண்டன்ட், நான் கேட்கும் முன்பே குடுவையை எடுத்தார். சாஃப்ட்னர் தண்ணீரில் பஃபர், பிறகு ஒரு சிட்டிகை இண்டிகேட்டர். தெளிவான நீலம்.

"பார்த்தீங்களா சார், ஒரு நாளும் சிவப்பு வந்ததில்லை. ரெசினுக்கு உப்புப் போடுறதை நான் தவறவிட மாட்டேன்."

அவர் சொன்னது உண்மை. ஷிஃப்டுக்கு ஒருமுறை எழுதிய பதிவேடு அதற்குச் சாட்சி. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு டன் பாய்லருக்கு வரும் தண்ணீரில் லிட்டருக்கு வெறும் 5 மில்லிகிராம் கடினத்தன்மை கசிந்தாலும் மணிக்கு 10 கிராம். பத்து மணி நேர ஓட்டத்தில் நாளுக்கு 100 கிராம். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 30 கிலோ கல். அந்த நீல நிறம் மலிவானதல்ல.

வெளியே வந்தபோதுதான் மதிலை ஒட்டிய சாக்கடையைப் பார்த்தேன். செம்மண் கரைத்தது போல ஒரு கோடு, ஆவி பறக்க ஓடிக்கொண்டிருந்தது. கண்டென்சேட். ஏன் ஃபீட் டாங்குக்குத் திருப்பவில்லை என்று கேட்டேன். "செவப்பா வருது சார். பாய்லர் கெட்டுப்போகும்னு வெட்டி விட்டுட்டோம்." கழற்றிப் போட்ட பழைய ரிட்டர்ன் குழாய்த் துண்டு ஒன்று அங்கேயே கிடந்தது. மேற்பாதி புதிதுபோல இருந்தது. அடிப்பக்கத்தில் மட்டும் நீளவாக்கில் ஒரு வாய்க்கால், ஓரிடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது.

பதிவேட்டில் இல்லாத செய்தி அந்தக் குழாயில் இருந்தது. நீரில் கரைந்து வரும் கல்லுக்கு இரண்டு பாதி. ஒன்று கால்சியம், மற்றது பைகார்பனேட். சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. பைகார்பனேட்டைத் தொடுவதேயில்லை. அது சோடியத்தோடு கைகோத்துப் பாய்லருக்குள் போகிறது. அங்கே முதலில் கார்பனேட்டாகவும் பிறகு காஸ்டிக்காகவும் உடைகிறது. உடையும்போது வெளியேறும் கரியமில வாயு நீராவியோடு சேர்ந்து பயணம் போகிறது. நீராவி குளிர்ந்து தண்ணீராகும் இடத்தில் அதில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. குழாயின் அடியில் ஓடும் மெல்லிய தண்ணீர் இரும்பை அரித்துச் செல்வதால்தான் அந்த வாய்க்கால். ஆக்சிஜன் அரிப்பு இப்படி இருக்காது. அது அங்கங்கே குழி விழுந்து, துருமுடிச்சுகளோடு தெரியும்.

அளவைப் பாருங்கள். பைகார்பனேட் காரத்தன்மை ஒரு மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 0.79 மில்லிகிராம் வாயு கிடைக்கும் என்பது நம் வழக்கமான கணக்கு. காரத்தன்மை 300 என்று வைத்துக்கொண்டால், கண்டென்சேட்டே திரும்பாத இரண்டு டன் பாய்லரில் பத்து மணி நேரத்துக்கு நாலரைக் கிலோவுக்கு மேல். இவ்வளவையும் நாமே தயாரித்து நம் குழாய்க்குள் அனுப்புகிறோம். குழாய் அரிக்கிறது, கண்டென்சேட் சிவக்கிறது, சிவந்ததால் கொட்டுகிறோம், கொட்டியதை ஈடுகட்ட இன்னும் போர் தண்ணீர், அதோடு இன்னும் பைகார்பனேட். செக்குமாடு சுற்றுவது போலத்தான்.

நஷ்டம் குழாயோடு நிற்பதில்லை. ஃபீட் தண்ணீரின் டிடிஎஸ் 700 என்றால், பாய்லரை 3,500-க்குள் வைக்க நீராவியில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு புளோடவுன் விட வேண்டும். பாதி கண்டென்சேட் திரும்பினால் ஃபீட் 350-க்கு இறங்கும், புளோடவுன் 11 சதவீதம் போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் எரியும் விறகைக் கணக்குப் போட்டால், கெமிக்கல் கேனின் விலை பேச்சுக்கே வராது. சல்ஃபைட்டும் அப்படித்தான். 30 டிகிரி தண்ணீரில் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன். ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு சல்ஃபைட் வேண்டும், லிட்டருக்கு 60 மில்லிகிராம். சூடான கண்டென்சேட் கலந்து டாங்க் 90 டிகிரியில் நின்றால் அதில் கால் பங்குகூடத் தேவைப்படாது.

அமீன் சேர்த்தால் அமிலம் மட்டுப்படும், உண்மைதான். ஆனால் நாலரைக் கிலோ வாயுவை அமீனாலேயே மட்டுப்படுத்தக் கிளம்புவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுப் பாத்திரம் வாங்கி அடுக்குவது. பால் தொழிலில் நீராவி நேரே பாலைத் தொடும் இடத்தில் மார்ஃபோலினையும் சைக்ளோஹெக்சிலமீனையும் நினைக்கவே கூடாது. உணவுத் தொழிலில் ஹைட்ரசினுக்கும் இடமில்லை. ஆர்.ஓ. வைப்பது நல்ல வழி. ஆனால் கரைந்த வாயு சவ்வைத் தாண்டி வந்துவிடும் என்பதால் பிஎச் திருத்தாமல் உள்ளே விடக்கூடாது. கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்வியும் உண்டு. தண்ணீருக்கான மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 2004-இல் குளிர்பான ஆலை நின்றுபோன பிளாச்சிமடையும் இதே பாலக்காடு மாவட்டம்தான். இங்கே யாரும் அதை மறக்கவில்லை. சிறிய பாய்லருக்கு உப்பிலேயே புத்துயிர் பெறும் குளோரைடு டீஅல்கலைசர் பொருத்தமாக இருக்கும். அமிலம் கையாளும் வம்பு இல்லை. என்றாலும் அதைப் பரிந்துரைக்கும் விற்பனையாளரை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

1923-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்திருக்கிறது. ஆய்வாளர் வந்தால் டிரம்மைப் பார்ப்பார், குழாய்களைப் பார்ப்பார். ரிட்டர்ன் லைனின் அடிப்பக்கத்தை யார் பார்ப்பது?

கிளம்பும் முன் அந்த அட்டெண்டன்ட்டிடம் கண்டென்சேட்டின் பிஎச் பார்க்கலாமா என்றேன். இதுவரை யாரும் கேட்டதில்லையாம். சூடாகத் திறந்த வாளியில் பிடித்தால் வாயு பறந்துவிடும், அளவு நல்லதாகவே பொய் சொல்லும். ஆகவே ஒரு செப்புக் குழாயைச் சுருட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அதன் வழியாகப் பிடித்தோம். எட்டரையாவது இருக்க வேண்டியது, தாள் மஞ்சளாக மாறி ஐந்தரைக்குப் பக்கத்தில் நின்றது. அவர் அதை நிறப்பட்டையோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு பதிவேட்டில் கடினத்தன்மைக்கு அடுத்து ஸ்கேலால் புதிதாக ஒரு கோடு இழுத்து, அந்த ஈரத் தாளையே அங்கே ஒட்டினார்.