எம்டனும் பாளையங்கோட்டைப் படையும்

'அவன் பெரிய எம்டன்!' என்று நம் கடைத்தெருவில் இன்றும் கூறக் கேட்கின்றோம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைக் கடற்கரையில் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த செருமானியக் கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. அதே போருக்குக் கடல் கடந்து சென்ற நம் படைவீரருக்குத் தமிழ் என்ன ஈந்தது? தமிழ் பயிற்றுவிக்கும் நம்மையும் சேர்த்தே இவ்வினாவை எழுப்புகின்றோம்.

போர் மூண்ட கதை பலரும் அறிந்ததே. 1914 சூன் 28இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்திரியா செர்பியாவின்மீது பாய, உடன்படிக்கைகளால் பிணைக்கப்பட்டிருந்த வல்லரசுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு களத்தில் இறங்கின. ஆகஸ்டு 4இல் பிரிட்டன் போரில் இறங்கியபோது இந்தியாவும் அதில் தள்ளப்பட்டது. இந்தியரை ஒரு வார்த்தை கேட்டார் இலர். 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். 70,000த்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அவ்வாறு சென்றவற்றுள் ஒன்று 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை. இரண்டு வாரங்களுக்கு மேல் கப்பலில் அடைபட்டுக் கிடந்த அவ்வீரர்கள், நவம்பர்த் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்டனர். முன்னால் இயந்திரத் துப்பாக்கிகள். போதாக்குறைக்கு, கலைந்த தேனீக்கூட்டம் வேறு! படை சிதறிற்று. தாக்குதலுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து எதிரிக்கு அவகாசம் அளித்தவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். ஓடினார்கள் என்னும் பழியோ நம்மவர் தலையில் விழுந்தது. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

துருக்கி எதிரணியில் சேர்ந்தபின் முஸ்லிம் வீரரின் நெஞ்சில் எழுந்த போராட்டம் தனி. கலீஃபாவின் படைக்கு எதிராகத் தங்களை அனுப்புவர் என்ற அச்சமும் சேர்ந்தே 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கிளர்ச்சி வெடித்தது. 47 சிப்பாய்கள் பலர் காணச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

போருக்குப்பின் சில ஊர்களில் ஆங்கில அரசு கல் பதித்தது. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் இறந்தனர் என்ற எண்ணிக்கை மட்டுமே அதில் உண்டு. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்கும் பெயர் பொறித்து நடுகல் எடுத்த நாட்டில் இது போதுமா?

விருத்தாசலம் பீங்கான் நகரம். மண்ணும் சூளையும் கைத்திறனும் நம்மிடமே உள்ளன. மாணவர்கள் வரும் விடுமுறையில் தத்தம் ஊர்ப் பெரியவர்களின் பழம்பெட்டிகளைத் திறந்து பார்க்கட்டும். அக்காலப் போர்ப் பதக்கம் கிடைத்தால் அதன் விளிம்பைத் துடைத்துப் படிக்கட்டும். வீரரின் பெயர் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அப்பெயர்களை ஓடுகளில் எழுதிச் சுட்டு, நம் துறையின் வெளிச்சுவரில் பதிக்கலாம்.